இரும்பு ஏறாத கப்பல்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஊரார் பையைத் துழாவுவது என்று சொல்வேன். சிரிப்பார்கள். ஆனால் அது உண்மைதான். ஹூக்ளி ஆற்றங்கரையில், உயரமான சுவருக்குப் பின்னால் இருக்கும் ஒரு கப்பல் பட்டறையில் நான் ஆய்வாளராக இருந்தேன். 'இன்ஜினியர் மேடம்' என்பது அடையாள அட்டையோடு சரி. பட்டறையில் எல்லோருக்கும் நான் 'சும்பக் தீதி', காந்த அக்கா. அந்தப் பெயரை வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் பட்டறைக்குப் பழுது பார்க்க வந்திருந்தது, கடற்படையின் கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்று. பார்க்க அப்படி ஒன்றும் கம்பீரமாக இருக்காது. பெரிய பீரங்கி கிடையாது, வேகமும் கிடையாது. மற்ற போர்க்கப்பல்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மீன்பிடிப் படகுக்கு வேலை கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் கடலடியில் கண்ணிவெடி கிடக்கிறது என்றால், மற்றக் கப்பல்களெல்லாம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காது. இது மட்டும் அதைத் தேடிக்கொண்டு போகும்.

கடலடியில் கிடக்கும் அந்த வெடிக்குக் கண் இல்லை. மேலே இரும்பு வந்தால் மட்டும் தெரியும். கப்பல் என்றாலே இரும்பு என்பதால் அது போதுமானதாக இருக்கிறது. அதனால் இந்தக் கப்பலின் உடம்பு ஃபைபர், ஆணியும் திருகும் வெண்கலம், எஞ்சின்கூட முடிந்தவரை காந்தம் பிடிக்காத உலோகம். பழுது பார்க்கும் மாதங்களில் ஆயிரம் கைகள் அதில் ஏறி இறங்கும். யாராவது ஒரு ஸ்பானரை மறந்துவிட்டுப் போவார்கள். போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பெல்ட் பக்கிள், பிஸ்கட் டின், சாமி படத்தின் தகரச் சட்டம் என்று நான் பிடுங்காத பொருள் இல்லை. கப்பல் சமையல்காரர் கடலூர்க்காரர். அவர் ஒரு தோசைக்கல்லை மாவு மூட்டைக்குள் வைத்து ஏற்றப் பார்த்தார்.

"மேடம், நீங்களும் தமிழ்தானே?" என்றார் பரிதாபமாக.

"தமிழ்தான். அதனாலதான் மூட்டையைத் தூக்கறப்பவே உள்ள என்னன்னு தெரிஞ்சுது."

அந்தக் கல் கப்பல் கிளம்பும் வரை என் மேசைக்கடியில் இருந்தது. எங்கள் பிரிவில் நல்ல தோசை சாப்பிட்டார்கள்.

என் கணவரிடம் நான் முதன்முதலாகப் பேசியதும் இப்படித்தான். இதே கப்பல் அதற்கு முன்னால் ஒருமுறை சின்னப் பழுதுக்கு வந்தபோது, படியேறி வந்த டைவர் ஒருவரின் ஃப்ளாஸ்க்கில் என் காந்தம் ஒட்டியது. "அதை இப்படிக் கொடுங்க" என்றேன். "டீ இருக்கு" என்றார். "டீயைக் குடிச்சிட்டுக் கொடுங்க." நின்ற இடத்திலேயே குடித்தார், பாதியை எனக்கும் ஊற்றினார். வெடியைத் தேடித் தண்ணீருக்கடியில் போய், அதைக் கையால் தொட்டு, வெடிக்க வைக்கும் மருந்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவது அவருடைய வேலை. அப்படிப்பட்டவர் ஒரு ஃப்ளாஸ்க்குக்காக அவ்வளவு வருத்தப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. அது அவருடைய அம்மா கொடுத்தது. இந்தத் தகவலை நான் அப்போதே முடிந்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் பாங்க் வேலையோடு தஞ்சாவூரிலிருந்து கல்கத்தா வந்தது. லேக் மார்க்கெட் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம். கணவர் வீட்டார் வங்காளிகள், கல்கத்தாவிலேயே டாக்குரியாவில் பழைய குடித்தனம். இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒரு வாரம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, பிறகு கல்யாணத்தை இரண்டு முறையிலும் செய்துவைத்தார்கள். கழுத்தில் தாலி ஏறியது. டாக்குரியா வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் என் மாமியார் இடது கையில் லோஹாவைப் போட்டார்.

வங்காளிப் பெண்களுக்கு லோஹாதான் தாலி. மெல்லிய இரும்பு வளையம். வசதியுள்ளவர்கள் மேலே தங்கம் சுற்றிப் போடுவார்கள். புருஷன் உயிரோடு இருக்கிற வரை கழற்றக் கூடாது. கழற்றினால் என்ன ஆகும் என்று யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை.

தாலி தங்கம், காந்தம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லோஹாவின் மேலும் தங்கம்தான் இருந்தது, ஆனால் காந்தத்தை அப்படியெல்லாம் ஏமாற்ற முடியாது. ஊரார் கையிலிருந்து மோதிரத்தைக் கழற்ற வைப்பவள், தன் கையில் இரும்போடு கப்பலில் ஏறினால் என் வார்த்தையை எவன் மதிப்பான்? தினமும் காலையில் பட்டறை வாசலில் லோஹாவைக் கழற்றிப் பையில் போடுவேன். சாயங்காலம் வெளியே வந்ததும் போட்டுக்கொள்வேன். என் கை எலும்புக் கை. வளையம் சுலபமாக வழுக்கிக்கொண்டு வரும்.

கப்பல் பெரிய பழுதுக்காக மறுபடியும் கல்கத்தா வந்தது என் மாமியாருக்குக் கொண்டாட்டம். மகன் மாதக்கணக்கில் வீட்டில். தினம் ஒரு மீன். அந்த வருஷம் விஸ்வகர்மா பூஜைக்குப் பட்டறையில் குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள். மாமியாரும் வந்தார். நான் வரிசையில் நின்று கிச்சடி பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் இலையை நீட்டினார். கரண்டி பிடித்த கையைப் பார்க்கவில்லை. மற்றக் கையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார். நாங்கள் பேசியதெல்லாம் வங்காளத்தில், தமிழில் சொல்கிறேன்.

"பௌமா, லோஹா எங்கே?" பௌமா என்றால் மருமகள்.

"பையில இருக்கு மா. கப்பல்ல ஏறும்போது கழட்டிடுவேன்."

"தினமுமா?"

"தினமும்."

"பிரசவத்துல டாக்டர் கழட்டுன்னு கத்தினான். நான் கழட்டலை. அந்த வலியிலயும் கழட்டலை. நீ கிச்சடி பரிமாறக் கழட்டறே! உன் புருஷன் தண்ணிக்கடியில போறவன். ஆபீஸ்ல நாற்காலியில உட்கார்றவன் பொண்டாட்டி கழட்டினாக்கூடப் போகட்டும்னு விடலாம்."

"அவர் தண்ணிக்கடியில போறதாலதான் மா கழட்டறேன்."

காந்தம், கண்ணிவெடி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்குக் கொஞ்சம்தான் உண்டு. இருந்ததை எல்லாம் செலவழித்தேன். "ஒரு வளையல் இரும்பா கப்பலை வெடிக்க வைக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வளையலால் வெடிக்காது. ஆனால் என் வளையலை விட்டால் இன்னொருத்தரின் சாவிக்கொத்தையும் விட வேண்டும், பிறகு தோசைக்கல்லையும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் சமாச்சாரம் இது. அதைச் சொன்னதும் நான் அவரையே சொல்வதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமனார் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். என் கணவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடலடியில் வெடியைத் தொடுகிற மனிதர், அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்திலேயே இருந்துவிடுவார்.

லேக் மார்க்கெட்டுக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் புலம்பினேன்.

"கழட்டாதேயேண்டி. மேல கைக்குட்டையைச் சுத்திண்டு போ."

"காந்தத்துக்குக் கைக்குட்டையெல்லாம் தெரியாதும்மா."

"உனக்கு மட்டும் என்ன தெரியறதாம்? பெரியவா மனசு தெரியறதா?"

ஃபோனை வைத்துவிட்டேன். மறுநாளும் கழற்றினேன்.

அதன்பிறகு மாமியார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் மௌனம் என்றால் பின்னால் ஏதோ வேலை நடக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது அப்போது தெரியாது.

கப்பல் கிளம்பும் நாள் நெருங்கியது. கடலுக்குப் போனதும், அதன் உடம்பில் எவ்வளவு காந்தம் மிச்சமிருக்கிறது என்று முதலில் அளப்பார்கள். அங்கிருந்து நேராக இன்னொரு வேலைக்கும் உத்தரவு வந்திருந்தது. மீனவர் வலையில் பழைய கண்ணிவெடி போல ஏதோ தட்டுப்பட்டதாம். பயிற்சிக்கு வைக்கும் பொம்மை வெடி இல்லை, நிஜமானது. என் கணவர்தான் அதைத் தேடி இறங்கப் போகிறவர். இதை வீட்டில் சாதாரணமாக, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். மாமியாரும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரம் என் கணவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கான்வாஸ் பையின் வார் அறுந்திருந்தது. தண்ணீருக்கடியில் வெண்கலக் கத்தியும் மற்ற கருவிகளும் அதில்தான் இருக்கும். மாமியாரிடம் பழைய தையல் மிஷின் ஒன்று உண்டு. வீட்டுத் திரைச்சீலையிலிருந்து தெருப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை வரைக்கும் அதில் தைப்பார். என் கணவர் பையை அவரிடம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மாமியார் காலையில் குளித்துவிட்டுக் காளிகாட் கோயிலுக்குப் போய்வந்தார். சாயங்காலம் மிஷின் முன்னால் உட்கார்ந்து தைத்தார். "கடைக்காரன்கூட இவ்வளவு கெட்டியாத் தைக்க மாட்டான் மா" என்று நான்தான் பாராட்டினேன்.

கிளம்பும் நாள் வந்தது. ஹூக்ளியில் ஏற்ற வெள்ளம் வந்தால்தான் கப்பல் நிற்கும் டாக்கின் கதவைத் திறப்பார்கள். அந்தப் பகல் வெள்ளத்தைத் தவறவிட்டால் மறுநாள்தான். ஆற்றில் வழிகாட்டும் பைலட் ஏற்கனவே மேலே ஏறிவிட்டார். டைவர்கள் தங்கள் சாமான்களைத் தளத்தில் தார்ப்பாய் விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். கடைசிச் சோதனை. நான் காந்தத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒவ்வொன்றின் மேலாகக் கொண்டுபோனேன். எல்லாம் வெண்கலம், ரப்பர், பிளாஸ்டிக். காந்தம் அலட்சியமாகத் தொங்கிக்கொண்டு வந்தது.

கான்வாஸ் பைக்கு மேலே வந்ததும் சாய்ந்தது. பிறகு 'டக்' என்று ஒட்டியது.

"என் மேல ஆசை போல" என்றார் என் கணவர். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பையைக் காலி பண்ணுங்க."

காலி செய்தார். வெறும் பையின் மேல் மறுபடியும் வைத்தேன். மறுபடியும் ஒட்டியது. துணியைத் தடவினேன். வாரும் பையும் சேரும் இடத்தில், இரண்டு மடிப்புக்கு நடுவே, வட்டமாக ஏதோ ஒன்று. தையலைப் பார்த்தேன். நெருக்கமான, கெட்டியான தையல். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது.

குனிந்து என் காதருகே சொன்னார்: "விட்டுடு. பையோட எடுத்து உன் பையில போட்டுக்கோ. வேற பை தர்றாங்க. யாரும் பார்க்கலை."

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். இந்த ஆள் இதை இடுப்பில் கட்டிக்கொண்டு, நிஜ வெடியின் மேல் கையை வைத்திருப்பார். அந்தக் காட்சி கண் முன்னால் வந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது. யாரும் பார்க்கவில்லையா? நான் பார்த்தேனே!

"கேப்டனைக் கூப்பிடுங்க" என்று கத்தினேன்.

கேப்டன் வந்தார். அவர் எதிரிலேயே தையலைப் பிரித்தேன். தார்ப்பாயில் ஒரு மெல்லிய இரும்பு வளையம் விழுந்தது. தங்கம் சுற்றாத வெறும் லோஹா. அதில் குங்குமம் ஒட்டியிருந்தது. காய்ந்த செம்பருத்தி இதழ் ஒன்றும் கூடவே விழுந்தது. நின்றிருந்த வங்காளி மாலுமிகளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒருவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்விட்டுச் சட்டென்று கீழே இறக்கினார்.

"இது என்ன? யார் வைத்தது?" என்றார் கேப்டன். வடக்கத்திக்காரர், அவருக்குப் புரியவில்லை.

"என் மாமியார் தைத்தது சார். என் வீட்டிலிருந்து வந்திருக்கு. இவருக்குத் தெரியாது. அப்படியே எழுதிக்கோங்க."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மற்றதெல்லாம் சுத்தம்தானே?"

"காலையில கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். இப்ப எல்லாப் பையையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காம சொல்ல மாட்டேன்."

"வெள்ளம் இறங்கிடும், மேடம்."

"நாளைக்கும் ஏறும் சார்."

கேப்டன் பைலட்டை இறங்கச் சொல்லி ஆளனுப்பினார். நாங்கள் டைவர்களின் ஒவ்வொரு பையையும், ஒவ்வொரு பட்டையையும் பிரித்துப் பார்த்தோம். வேறு எதிலும் எதுவும் இல்லை. நான் சுத்தம் என்று சொன்னபோது ஆற்றில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரிந்தது. கப்பல் அன்று போகவில்லை. என் கணவரைக் கப்பலிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவரும் என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாமியாரிடம் கேட்க வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். 'உங்கள் பிள்ளையை நீங்களே கொல்லப் பார்த்தீர்கள்' என்பதுதான் முதல் வரி. நன்றாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று வரிகளும் சேர்த்து வைத்திருந்தேன்.

மாமியார் சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வளையத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"கண்டுபிடிச்சுட்டியா?" என்றார். "நீ கழட்டினே. அவனுக்காக யாராவது போட்டுக்க வேண்டாமா? நான் எத்தனை போட்டாலும் அது அவன் அப்பாவுக்குத்தான் போகும். அதான் அவன்கிட்டயே கொடுத்தேன்."

நான் பையிலிருந்து காந்தத்தை எடுத்து மேசையின் மறுபக்கம் பிடித்தேன். மெல்ல மெல்ல நகர்த்தினேன். வளையம் முதலில் கொஞ்சம் நடுங்கியது. பிறகு பட்டாணித் தோலையெல்லாம் தள்ளிக்கொண்டு ஓடிவந்து காந்தத்தில் அறைந்தது. மாமியார் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை காட்டு" என்றார்.

காட்டினேன். மூன்றாவது முறை வளையத்தைத் தன் விரல்களுக்குள் பிடித்துக்கொண்டு, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். விரல் இறுக இறுகப் பிடித்தார்.

"இழுக்குது" என்றார்.

"அந்த வெடிக்கும் இப்படித்தான் மா தெரியும். அது அங்க இதுக்காகத்தான் காத்துக்கிட்டுப் படுத்திருக்கு. அவர் அதைக் கையால தொடணும்."

அவர் வளையத்தை விட்டுவிட்டார். மாமனார் செய்தித்தாளைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான். மாமியார் ஒரு சின்னக் குரலில் கேட்டார்: "நானே என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனா?"

பஸ்ஸில் நான் ஒத்திகை பார்த்த அதே வரி. எடுத்துக் கொடுத்தால் போதும்.

"இல்லை மா" என்றேன். "அப்படி ஆயிடக் கூடாதுன்னுதானே நான் அங்க நிக்கறேன்?"

அவர் அழுதார். நானும் அழுதேன். எனக்கு அழுகை அவ்வளவு சுலபத்தில் வராது. அன்று வந்தது, வரட்டும் என்று விட்டேன். மாமனார் பட்டாணியை உரித்து முடித்தார்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது மாமியார் வாசலில் வழிமறித்து நின்றார். கையில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம்.

"லோஹாவைக் கழட்டு."

"வாசல்ல போய்க் கழட்டிக்கறேன் மா."

"பையில போடக் கூடாது. அது அவனுக்காக உனக்குப் போட்டது, ஒரு கையில இருக்கணும். கழட்டு சொல்றேன்."

கழற்றிக் கொடுத்தேன். என் எலும்புக் கைக்குச் செய்த வளையம். அவர் கையோ நல்ல தடித்த கை. சோப்பைப் பூசி, கட்டைவிரலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். விரல் முட்டியில் தோல் சிவந்துவிட்டது. அவருடைய லோஹாவுக்குப் பக்கத்தில் என்னுடையது போய் உட்கார்ந்தது. கையை உயர்த்தி ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்றார்.

அன்று ஏற்ற வெள்ளத்தில் கப்பல் போனது. நான் கரையில் நின்றேன். என் கணவர் தளத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். கதவைத் தாண்டும்போதுதான் என் பக்கம் திரும்பி, தன் இடுப்பை இரண்டு முறை தட்டிக் காட்டினார். புதுப் பை கட்டியிருந்தார். அதற்குமேல் சமாதானம் எனக்குத் தேவைப்படவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் சோப்புக் கிண்ணம் வந்தது. சாயங்காலம் மறுபடி சோப்பு, மறுபடி சிவந்த முட்டி. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்றேன், அது தமிழர் வைத்தியம் என்று கிண்டல் செய்தார். பெரிதாக ஒன்று செய்து போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். கல்யாணத்தன்று போட்டதுதான் கணக்கு என்றார். சில நாள் நான் திரும்பும் நேரம் அவர் மீன் பொரித்துக்கொண்டிருப்பார். அடுப்பு முன்னால் கழற்றக் கூடாது என்று என்னைக் காக்க வைப்பார்.

கடலில் அவர்கள் தேடிப் போனது கிடைத்தது. அது நிஜமான வெடிதான். என் கணவர் இறங்கி, தொட்டு, மருந்தை வைத்துவிட்டு மேலே வந்தார். தூரத்தில் இருந்து வெடிக்க வைத்தார்கள். ஃபோனில் இதை மூன்று வாக்கியத்தில் சொன்னார். நான்காவதாக, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

விடுமுறையில் அவர் டாக்குரியாவுக்கு வந்து இறங்கியபோது காலை நேரம். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மா கை நிறைய சோப்பு நுரையோடு நின்றிருந்தார். மகன் அவர் காலில் விழுந்து எழுந்தார். எழும்போது அம்மாவின் கையைப் பார்த்தார்.

"என்ன மா இது, கையில ரெண்டு லோஹா?"

"ஒண்ணு உங்க அப்பாவுக்கு. ஒண்ணு உனக்கு" என்றார் மாமியார், முட்டியை ஊதிக்கொண்டே. "உன் பொண்டாட்டிக்கு வேலை இருக்கு. வழியை விடு, அவளுக்கு நேரமாச்சு."